கொதிக்க வைத்த கல்

கொதிக்க வைத்த கல்லில் பூ விரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கல்லூரி ஆய்வகத்தின் பூட்டைத் திறந்து உள்ளே வந்த மைக்கேல்ராஜ் முதலில் பார்த்தது அதைத்தான். ஐந்தடி நீளக் கண்ணாடித் தொட்டியின் முன்வரிசையில், இடது ஓரத்து வெள்ளைக் கல்லில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரே ஒரு பழுப்புப் பூ. நடுவில் ஒரு சின்ன வாய், சுற்றிலும் மெல்லிய இதழ்கள். பார்க்கத்தான் பூ, உண்மையில் அது கடலில் வாழும் ஒரு பிராணி என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவன் அவன். வெந்நீரில் அது பிழைக்காது என்பதும் தெரிந்தவன். அந்தக் கல் அண்டாவுக்குள் ஒரு மணி நேரம் தளதளவென்று கொதித்த கல்.

கிட்டப் போய்க் குனிந்து பார்த்தான். பின்வரிசையில் இருந்த, கொதிக்க வைக்காத கற்களிலிருந்து ஒன்று நகர்ந்து வந்திருக்கலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். புதுச் சுண்ணாம்பும் வார்னிஷும் மணக்க வேண்டிய அறையில் மீன்பிடித் துறையின் வாடை அடித்தது. ஜன்னலுக்கு வெளியே யானைமலை வெயிலில் காய்ந்து கிடந்தது. கடல் அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால்.

அந்தத் தொட்டி ராயப்பன் சார் வளர்த்தது. விலங்கியல் துறையில் இருபது வருஷம் இருந்தவர். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்திலிருந்து கேன் கேனாகக் கடல்தண்ணீர் கொண்டுவந்து, பவளப்பாறைக் கற்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, மதுரைக்கு நடுவில் ஒரு துண்டுக் கடலைப் பதினோரு வருஷம் உயிரோடு வைத்திருந்தார். ஓய்வு பெற்றுப் போகும்போது சாவியை மைக்கேல்ராஜிடம் கொடுத்து இரண்டு வார்த்தை சொன்னார். "கல்லைக் கழுவாதே. அந்தப் பழுப்புப் பூவை வெறுங்கையால தொடாதே, யாரையும் தொட விடாதே. அது கொடிய விஷம், மண்டபத்துக்காரங்களே அதுக்குப் பயப்படுவாங்க."

மைக்கேல்ராஜ் தலையை ஆட்டினான். பெரியவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையை ஆட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்களே, அந்த ஜாதி. முப்பத்தொரு வயது, டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. ஜூலையில் நிரந்தர ஆர்டர் வரும் என்று பேச்சு.

அந்த வருஷம்தான் கல்லூரி ஊருக்குள்ளிருந்து ஒத்தக்கடைப் பக்கம் கட்டிய புதுக் கட்டிடத்துக்கு மாறியது. தொட்டியையும் மாற்ற வேண்டியிருந்தது. அட்டெண்டர் காசிமாயன் இல்லாவிட்டால் அது நடந்திருக்காது. மீன்களை டிரம்மில் விட்டு லாரியில் ஏற்றியதும், காற்றுப் பம்ப் இல்லாமல் மீன்கள் திணறும் என்று, வழி நெடுகத் தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே வந்தவர் அவர். கோச்சடைக்காரர், ஐம்பது வயது. புதுக் கட்டிடத்துக்கு லாரி வந்து நின்றதும் மேஜை, பீரோ எதையும் இறக்க விடவில்லை.

"புது வீட்டுக்குள்ள மொதல்ல உப்புத்தான் சார் போகணும். நம்மகிட்ட இருக்க உப்பு இதுதானே" என்று சிரித்தபடி ஒரு கேன் கடல்தண்ணீரைத் தோளில் சுமந்துகொண்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மைக்கேல்ராஜுக்கு ஆசை விடவில்லை. ராமேஸ்வரம் போய் வந்தவர்கள் வீட்டு ஷோகேஸில் வைத்திருப்பார்களே, பால்போல வெள்ளைப் பவளம், திறப்பு விழாவுக்கு வருகிற பெரிய மனிதர்கள் பார்த்தால் அப்படி இருக்க வேண்டும். கற்களில் அப்பிக் கிடந்த பழுப்புப் பூக்கள் அவன் கண்ணுக்கு அன்று அழுக்காகத் தெரிந்தன. சனிக்கிழமை விடுமுறை. ஆள் அனுப்பிக் காசிமாயனை வரச் சொன்னான். ஆறு கற்களை எடுத்துக் கொடுத்துப் பிரஷ்ஷால் தேய்க்கச் சொன்னான். தேய்த்தும் போகவில்லை.

"அம்புட்டையும் அண்டாவுல போட்டு அவிச்சிரவா சார்?"

"அவிங்க."

வெளியே காற்று புழுதியை வாரி அடித்தது. ஸ்டவ் அணைந்துவிடும், புதுச் சுவரெல்லாம் மண்ணாகிவிடும் என்று ஜன்னல்களை அவனே ஒவ்வொன்றாகச் சாத்தினான். சாத்திவிட்டு ஒத்தக்கடை முக்குக்கு டீ குடிக்கப் போனான். ராயப்பன் சார் சொன்னது நினைவுக்கு வரவில்லை என்று பிற்பாடு சொல்லிக்கொண்டான். வந்தது. டீ டம்ளரை வாயில் வைக்கும்போதே வந்தது. டீ நன்றாக இருந்ததால் இன்னொன்றும் குடித்துவிட்டுத்தான் திரும்பினான்.

அறை முழுக்க ஆவி. காசிமாயன் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "வாயெல்லாம் இரும்பை நக்குனாப்ல இருக்கு சார்" என்றார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் மூச்சு அடங்கியது. நெஞ்சுவலி என்று எழுதினார்கள்.

லீவு நாளில் அவர் ஏன் அங்கே இருந்தார் என்று பிரின்சிபால் கேட்டார். மைக்கேல்ராஜ் எழுதிக் கொடுத்தான்: நான் அழைக்கவில்லை, அவராகவே வந்தார். ஒரே ஒரு வரி. அதை எழுதிக் கொடுத்து இன்றோடு பதினெட்டு நாள் ஆகிறது. நாளைக்குத் திறப்பு விழா.

டக்கென்று பம்ப் நின்றது. கரண்ட் போய்விட்டது.

பதினோரு வருஷம் குமிழிட்ட தண்ணீர் அசையாமல் நின்றபோது அறைக்குள் வந்த அமைதி காதை அடைத்தது. கரண்ட் வரும்வரை தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விடிவதற்குள் மீன்கள் மிதக்கும். பிளாஸ்டிக் மக்கை எடுத்து, மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்ற ஆரம்பித்தான். மொள், ஊற்று. மொள், ஊற்று. லாரியில் காசிமாயன் செய்த அதே வேலை. கை வலித்தது.

"சார்."

வாசலில் காசிமாயன் மனைவி ஒச்சாயி நின்றாள். கோச்சடையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள், காலெல்லாம் புழுதி.

"வாங்கம்மா. ஞாயித்துக்கிழமை இம்புட்டுத் தூரம்..."

"நீங்க இங்கனதான் இருப்பீகன்னு வாட்ச்மேன் சொன்னாக." உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டே பேசினாள். "பிரின்ஸ்பால் ஐயாவப் பாத்தேன் சார். வேலையில இருக்கையில செத்திருந்தா ஒனக்கு இங்கனயே ஒரு வேல போட்டுக் குடுக்கலாம், லீவு நாள்ல தானா வந்த ஆளுக்கு என்ன செய்யன்னு சொல்லிப்புட்டாக. எனக்கு வேற நாதியில்ல. ஒங்க வாயால சொல்லுங்க சார். அவரா வந்தாரா, நீங்க வரச் சொன்னீகளா?"

மக் அந்தரத்தில் நின்றது. சொல்லிவிடலாம். நான்தான் வரச் சொன்னேன் என்று சொல்ல எத்தனை நேரம் பிடிக்கும்? ஆனால் அதற்கு அடுத்த கேள்வி வரும். எதற்கு வரச் சொன்னாய், என்ன செய்யச் சொன்னாய், ஜன்னலை யார் சாத்தினது. ஜூலை ஆர்டர் கண் முன்னால் வந்து நின்றது.

"அவரா வந்தாரும்மா" என்றான்.

ஒச்சாயி நிலையை விட்டு உள்ளே வந்தாள். கோபப்படவில்லை. அது அவனுக்குச் செருப்பால் அடித்ததைவிட மோசமாக இருந்தது. இடுப்பிலிருந்து ஒரு கட்டம் போட்ட துண்டுத் துணியை எடுத்தாள். தொட்டிக் கண்ணாடியைத் துடைக்கக் காசிமாயன் வைத்திருந்தது.

"சட்டப் பையில கெடந்துச்சு. இது காலேசுச் சாமானுன்னு சொல்லுவாரு. குடுத்துட்டுப் போவோம்னுதான்." மேஜை ஓரத்தில் வைத்தாள். "கடேசி வரைக்கும் வாயக் கொப்புளிச்சுக்கிட்டேதான் சார் கெடந்தாரு. இரும்பு இரும்புன்னாரு. வாரேன்."

அவள் செருப்புச் சத்தம் படி இறங்கி, சரளைக் கல்லில் நடந்து, ஓய்ந்தது. மைக்கேல்ராஜ் திரும்பவும் மொண்டு ஊற்றினான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவனுக்கு நெஞ்சோடு நாக்கும் குறுகுறுத்தது. வெறும் களைப்பு என்று நினைத்தான்.

வெளிச்சம் யானைமலைக்கு மேலே மெல்ல வடிந்தது. மேல்காற்று புது ஜன்னல் கொக்கிகளை ஆட்டிப் பார்த்தது. தூரத்தில் மேலூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அந்தச் சத்தம் தேய்ந்த பிறகும் அறைக்குள் ஏதோ ஒரு சத்தம் மீதி இருந்தது. மெலிதாக, அடித்தொண்டையில் முனகுவதைப்போல. கையை நிறுத்திக் காதைக் கொடுத்தான். எங்கோ கேட்ட சத்தம். அடுப்பில் அண்டா சூடேறும்போது முதலில் எழும் சத்தம்.

தொட்டியைப் பார்த்தான்.

பம்ப் ஓடவில்லை. கரண்ட் இல்லை. ஆறு வெள்ளைக் கற்களின் அடியிலிருந்தும் குமிழிகள் கிளம்பி வந்தன. முதலில் ஊசிமுனை அளவில். பிறகு கடுகளவு. பிறகு தளதளவென்று. விரலை வைத்துப் பார்த்தான். தண்ணீர் சில்லென்று இருந்தது.

முன்வரிசையில் இப்போது ஒரு பூ இல்லை. ஆறு கல்லிலும் பூ. இடைவெளி இல்லாமல் பூ. எல்லா வாய்களும் அவன் பக்கம்.

மக் கையிலிருந்து விழுந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டான். கையில் துணி பட்டது. காய்ந்து விறைத்திருந்த துணி இப்போது நனைந்திருந்தது. முகர்ந்தான். கடல்.

கண்ணாடியில் சர்ரென்று ஒரு சத்தம். காசிமாயன் துடைப்பது எப்போதும் வலமிருந்து இடம். கண்ணாடியின் உட்புறம் படிந்திருந்த பாசியில் வலமிருந்து இடமாக ஒரு கோடு விழுந்தது. இன்னொரு கோடு. உள்ளேயிருந்து. நிதானமாக. ஒரு முகம் தெரியும் அளவுக்கு இடம் சுத்தமானதும் நின்றது.

"காசி" என்றான்.

வாயில் இரும்பு.

மூலையில் இருந்த பானைக்கு ஓடித் தண்ணீர் மொண்டு வாயில் ஊற்றினான். உப்பு. துப்பினான். மறுபடி ஊற்றினான். உப்பு. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும். குடிக்கிற தண்ணீரே உப்பானால் எங்கே போவான்?

மேஜை இழுப்பறையைத் திறந்து தாளும் பேனாவும் எடுத்தான். ஜன்னலோரம் மிச்சமிருந்த வெளிச்சத்தில் எழுதினான். நான்தான் வரச் சொன்னேன். கற்களைக் கொதிக்க வைக்கச் சொன்னது நான். ஜன்னலைச் சாத்தியது நான். ஆபத்து என்று எனக்கு முன்பே தெரியும். அவர் மனைவிக்கு வேலை கொடுக்க வேண்டும். கீழே கையெழுத்துப் போட்டான்.

கொதிக்கும் சத்தம் நின்றது.

வாயிலிருந்த ருசி மெல்ல இறங்கியது. மூச்சு வந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒச்சாயியை நினைத்தான், நாளைக் காலையில் முதல் வேலையாகத் தாளைப் பிரின்சிபால் மேஜையில் வைத்துவிட வேண்டும் என்று நினைத்தான். பதினெட்டு நாளில் முதல் தடவையாக மனசு லேசாகி, கண் கலங்கியது.

அப்போது கரண்ட் வந்தது.

டியூப்லைட் இரண்டு தடவை கண் சிமிட்டி எரிந்தது. பம்ப் கரகரத்துக் குமிழிவிட்டது. மீன்கள் மேலும் கீழும் போய் வந்தன. ஆறு கற்களும் வெள்ளை வெளேரென்று, துடைத்துவிட்டாற்போல, ஒரு பூ இல்லாமல் கிடந்தன. துணி மேஜையில் காய்ந்து கிடந்தது. பானையில் விரலை விட்டு நக்கினான். நல்ல தண்ணீர்.

மைக்கேல்ராஜ் சிரித்துவிட்டான். பசி மயக்கம். மத்தியானம் சாப்பிடாமல் வந்த கோளாறு. உயிரியல் படித்தவன் பண்ணுகிற காரியமா இது? தாளை எடுத்து வெளிச்சத்தில் படித்தான். 'எனக்கு முன்பே தெரியும்' என்ற இடத்தில் கண் நின்றது. இதைக் கொடுத்தால் ஜூலையில் என்ன வரும் என்று அவனுக்குத் தெரியாதா? ஒச்சாயிக்கு வேறு ஏதாவது செய்யலாம். பிறகு செய்யலாம். தாளை இரண்டாகக் கிழித்தான். நாலாகக் கிழித்தான்.

நாக்கில் ஏதோ ஒட்டியிருந்தது.

துப்பப் பார்த்தான். வரவில்லை. இரும்பு ருசி திரும்பியிருந்தது, முன்னைவிடத் திடமாக. தொட்டியில் அந்தத் துடைத்த இடம் மட்டும் அப்படியே இருந்தது. கண்ணாடியில் அவன் முகம் தெளிவாகத் தெரிந்தது. வாயைத் திறந்து நாக்கை நீட்டினான்.

பழுப்புப் பூக்கள். நாக்கின் நுனியிலிருந்து தொண்டை வரைக்கும். ஒவ்வொன்றும் ஒரு பொத்தான் அளவு.

அலறினான். காற்று மட்டும் வந்தது. விரலால் பிடுங்கப் போனான். விரல் பட்டதும் அவை இதழ்களைச் சுருக்கி மூடிக்கொண்டன. மூடியபடி இறுகப் பிடித்தன. தள்ளாடிப் போய்ச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தான். காசிமாயன் உட்கார்ந்திருந்த இடம். மடியில் கிழிந்த தாள்.

உதடுகளை இறுக மூடிக்கொண்டான். அசையவில்லை. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டிக்குள் வலமிருந்து இடமாகக் கண்ணாடி துடைபட்டது.

வாய்க்குள், அவன் அசையாமல் இருந்ததால், அவை ஒவ்வொன்றாக மெதுவாக விரிய ஆரம்பித்தன.