ஐந்து முடிச்சு

கொடியில் டெய்லரம்மா காயப் போட்டது ஏழு துணி. எடுத்தது எட்டு.

எட்டாவது ஒரு குழந்தைச் சட்டை. வெள்ளை வாயில் துணி, கை வைக்காதது, முதுகில் நாடா கட்டுகிற மாதிரி தைத்தது. பிறந்து பத்து நாள் ஆன பிள்ளைக்குச் சரியாக இருக்கும். பக்கத்து மாடியிலிருந்து காற்றில் பறந்து வந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் பறந்து வந்த துணி தானாகக் கிளிப் மாட்டிக்கொள்ளாது. அதுவும் அவளுடைய நீலக் கிளிப். பகல் இரண்டு மணி வெயிலில் மற்ற ஏழும் மொறமொறவென்று காய்ந்திருக்க, அது மட்டும் இப்போதுதான் பிழிந்து போட்டது போல ஈரமாக, பால் புளித்த ஒரு மெல்லிய வாசனையோடு தொங்கிக்கொண்டிருந்தது.

பழக்க தோஷத்தில் கழுத்துப் பட்டியின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். சிவப்பு நூலில் முடிச்சுகள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

ஐந்து.

நாற்பது வருஷம் ஊராருக்கெல்லாம் தைத்தவள் அவள். அந்தக் காலத்தில் வீட்டில் நாலு பிள்ளைகள், எல்லாம் ஒரே தான் துணியில் வெட்டிய சட்டை. காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது 'இது என்னுது, அது உன்னுது' என்று வீடு ரெண்டுபடும். அதற்காகத்தான் கழுத்துப் பட்டிக்குள் முடிச்சுப் போட ஆரம்பித்தாள். மூத்தவளுக்கு ஒன்று, அடுத்தவனுக்கு இரண்டு, மூன்றாமவனுக்கு மூன்று, கடைக்குட்டிக்கு நான்கு. இடது கைக்காரி என்பதால் நூலை எதிர்ப்பக்கமாக இரண்டு சுற்றுச் சுற்றி இழுப்பாள். கடையில் வேலை பார்த்த பெண்கள் எத்தனையோ பேர் முயன்று பார்த்தும் அந்த முடிச்சு ஒருத்தி கைக்கும் வரவில்லை. கடைக்குட்டி கல்லூரிக்குப் போனதோடு அதை விட்டுவிட்டாள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

இந்த ஐந்தும் அந்த முடிச்சுதான். நகத்தால் நிமிண்டிப் பார்த்தாள். எதிர்ப்பக்கம், இரண்டு சுற்று.

ஐந்தாவது பிள்ளை என்று அவளுக்கு யாரும் இல்லை. நான்கு முறை வயிறு நிறைந்தது, நான்கு முறையும் பிள்ளையோடு வீடு திரும்பினாள். கலைந்ததும் இல்லை, பறிகொடுத்ததும் இல்லை. அப்படி ஏதாவது நடந்திருந்தால்கூட இந்தச் சட்டையை மார்போடு அணைத்து ஒரு பாட்டம் அழுதிருக்கலாம். அதற்கும் வழி இல்லை. சட்டையை மிஷின் மேல் விரித்தாள். கை சும்மா இருக்காதே, இஞ்ச் டேப்பை எடுத்துத் தோளை அளந்தாள். ஆறு இஞ்ச். அளவு நோட்டில் குறித்துக்கொண்டு, சட்டையைச் சுருட்டி மிஷின் டிராயருக்குள் தள்ளிப் பூட்டினாள்.

யாரிடமும் சொல்வதாக இல்லை. சொல்லவும் முடியாது. போன மாதம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு அவள் கடைக்குப் போக, பாத்திரம் கருகி, வீடெல்லாம் புகை மண்டி, எதிர் வீட்டுக்காரர் கதவை உடைத்து உள்ளே நுழைய வேண்டியதாகிவிட்டது. அன்று மாலையே நாலு பிள்ளைகளும் போனில் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள். அம்மாவின் ஞாபக சக்தியைச் சோதித்துப் பார்ப்பது. சரியில்லை என்றால் வீட்டைப் பூட்டிவிட்டு, ஆளுக்கு மூன்று மாதம் என்று முறை வைத்து அழைத்துக்கொள்வது.

"அப்போ நான் என்ன, லைப்ரரி புஸ்தகமா?" என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

மறுவாரம் சுகாதார மையத்திலிருந்து ஒரு நர்ஸ் வந்தாள். எழுபது தாண்டிய பெண்களை வைத்து ஏதோ ஆய்வாம். மூத்தவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"எத்தனை பிரசவம்மா உங்களுக்கு?"

"நாலு."

"நடுவுல கலைஞ்சது ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல. என் கையில துணி வீணாப் போனதே கிடையாது."

நர்ஸ் சிரித்துக்கொண்டே எழுதினாள். "நிறையப் பிள்ளை பெத்தவங்களுக்கு வயசானா மறதி ஜாஸ்தியா வருதான்னு பாக்கறாங்க. சிலர் ஆமாங்கறாங்க, சிலர் இல்லங்கறாங்க. இன்னும் தெளிவாத் தெரியலை."

"அப்போ நாலு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் பிச்சுக்கிட்டுப் போயிருக்காங்கன்னு சொல்றீங்க."

"அம்மா, நான் ஒண்ணும் எடுக்கல" என்றாள் மூத்தவள்.

"நீதாண்டி அதிகம் எடுத்தது. உன்னைப் பெத்துட்டு மூணு மாசம், ஊசியில நூல் கோக்கத் தெரியாம முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். போகட்டும், எடுத்தது எடுத்ததுதான். மிச்சம் இருக்கறது என்னுது. இனிமே யாருக்கும் குடுக்கறதா இல்ல."

மூன்று வாரம் கழித்துச் சோதனை என்று சொல்லிவிட்டு நர்ஸ் போனாள். அதற்கு மறுநாள்தான் கொடியில் அந்தச் சட்டை.

இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். தெருவில் சத்தம் அடங்கி, மின்விசிறி மட்டும் டக் டக் என்று ஒரே இடத்தில் தட்டிச் சுற்றிக்கொண்டிருந்தது. அடிநூல் தீர்ந்துவிட்டது. குனிந்து, தகட்டை நகர்த்தி, அந்தச் சின்ன இரும்பு உருளையை வெளியே எடுத்தாள். எடுத்ததும் கை நின்றது. இதற்கு என்ன பேர்? நாற்பது வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தடவை சொன்ன பேர். நாக்கு மேலண்ணத்தில் போய் முட்டியது. வரவில்லை.

"பாபின்."

உள்ளறையிலிருந்து வந்தது குரல். பேசக் கற்றுக்கொண்ட பிள்ளை ஒவ்வொரு எழுத்தாகச் சப்புக்கொட்டிச் சொல்வது போல. வெட்டுத் துணி மூட்டைகள் அடுக்கி வைத்திருக்கும் அறை அது. கதவு பாதி திறந்திருந்தது.

"பாபின்" என்று அவளும் சொன்னாள். தேடிய வார்த்தை கிடைத்துவிட்ட ஆறுதலில், யோசிக்காமல், தானாக வந்துவிட்டது வாயில். சொன்ன பிறகுதான் வீட்டில் தன்னைத் தவிர யாரும் இல்லை என்பது உறைத்தது. எழுந்துபோய் அறைக்குள் பார்த்தாள். மூட்டைகள்தான். ஈரத் துணி வாசனை.

மறுநாள் கொடியில் ஒரு கவுன். ஐந்து முடிச்சு. தோள் ஒன்பது இஞ்ச்.

அடுத்தது மூன்றாவது மருமகளின் பேர். போன் அடித்தது, மருமகள் 'அத்தை' என்று கூப்பிட்டாள், பதிலுக்குப் பேர் சொல்லி அழைக்க வாயைத் திறந்தாள். ஒன்றும் இல்லை. வெள்ளைச் சுவர். உள்ளறை அந்தப் பேரைச் சொன்னது, இப்போது கொஞ்சம் வளர்ந்த குரலில், கொஞ்சம் பெருமையோடு. அவள் அதை வாங்கித் திருப்பிச் சொன்னாள். மறுநாள் பள்ளிக்கூடச் சட்டை. தோள் பன்னிரண்டு.

அன்று அளவு நோட்டின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஆறு, ஒன்பது, பன்னிரண்டு. அவளுடைய தோள் பதினான்கு. அதோடு, அது கொடுத்த வார்த்தைகள் கையில் தங்கவும் இல்லை. அந்த இரும்பு உருளையைப் பார்த்தால் மறுபடியும் வெறுமைதான். ஒவ்வொரு தடவையும் உள்ளே கேட்டு வாங்க வேண்டியிருந்தது. எளிய கணக்கு. அவள் மறப்பது அதற்குப் போகிறது. திருப்பிக் கொடுக்கிற மாதிரி கொடுத்து, அவள் வாய் திறந்து வாங்கினால் அது வளர்கிறது.

நோட்டை மூடினாள். அறைக் கதவைப் பார்த்துச் சொன்னாள்.

"நாலு பேருக்குக் குடுத்தேன். அது நானா குடுத்தது. உனக்குக் கிடையாது."

மூட்டை ஒன்று மெதுவாகச் சரிந்து விழுந்தது.

அதன் பிறகு வார்த்தை மறந்தால் வாயை மூடிக்கொண்டாள். 'அந்த நூல் உருளை' என்று சொல்லப் பழகினாள். மருமகளைக் கண்ணு என்று கூப்பிட்டாள். மருமகளுக்கு ஒரே சந்தோஷம், அத்தைக்கு என்ன ஆச்சு, இவ்வளவு பாசம் என்று. கொடியில் பன்னிரண்டு இஞ்ச் சட்டையே தினமும் வந்தது. தினமும் கொஞ்சம் கசங்கியிருந்தது. ஒருநாள் காலர் கடிபட்டிருந்தது.

சோதனை நாள் வந்தது. மாலை நான்கு மணி. மேகம் கவிந்து, மழைக்கு முந்தைய அந்த மஞ்சள் வெளிச்சம் கூடத்தில் கிடந்தது. நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். மூத்தவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நகத்தைக் கடித்தபடி சன்னலோரம் நின்றாள். டெய்லரம்மாவின் முதுகுப் பக்கம் உள்ளறை.

"மூணு வார்த்தை சொல்றேன்மா. கடைசியில கேப்பேன். செருப்பு, சாவி, ஊஞ்சல்."

நர்ஸ் கிழமை கேட்டாள், டெய்லரம்மா சொன்னாள். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னாள். ஜாக்கெட்டுக்குத் துணி கணக்குப் போட்ட மூளை, கடகடவென்று இறங்கியது. கடிகாரம் வரையச் சொன்னாள். டெய்லர் சாக்பீஸில் கோடு போட்ட கை, வட்டம் காம்பஸ் வைத்தது போல வந்தது. மூத்தவளின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது.

"இப்போ அந்த மூணு வார்த்தை."

"செருப்பு. சாவி."

மூன்றாவது இடத்தில் வெள்ளைச் சுவர்.

மின்விசிறி டக் டக். முதல் மழைத்துளி சன்னல் தகரத்தில். பின்னால், மிக அருகில், கதவிடுக்கில் வாயை வைத்துச் சொல்வது போல:

"ஊஞ்சல்."

நாக்கு எழுந்தது. எத்தனை சுலபம். ஒரே வார்த்தை. சொன்னால் இந்த வீடு, இந்த மிஷின், சன்னலோரத்து வெயில், தன் சாவியால் தானே பூட்டுகிற கதவு, எல்லாம் மிஞ்சும். மூத்தவள் கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தாள். சொல்லும்மா.

"ஊஞ்சல்" என்றது மறுபடியும். செல்லமாக. "அம்மா, ஊஞ்சல்."

டெய்லரம்மா இரண்டு உள்ளங்கைகளையும் முழங்காலில் அழுத்திக்கொண்டாள்.

"ஞாபகம் இல்ல" என்றாள். "மறந்துட்டேன். எழுதிக்கோங்க."

நர்ஸ் எழுதினாள். கூட்டிப் பார்த்தாள். நிமிர்ந்து சிரித்தாள். "ஒண்ணு போனாப் பரவால்ல. இந்த வயசுக்கு இது நல்லாவே இருக்கு. அடுப்புக்கு மட்டும் தானா அணையற மாதிரி ஏதாவது வெச்சுக்கோங்க. தனியா இருக்கலாம். ஆறு மாசம் கழிச்சு மறுபடியும் பாப்போம்."

மூத்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். டெய்லரம்மாவுக்கு நெஞ்சுக்குள் ஏதோ அவிழ்ந்தது. ஜெயித்துவிட்டாள்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே நர்ஸ் திரும்பினாள். "ஒண்ணு சொல்லணும்மா. உள்ள இருந்து அந்தப் பாப்பா ரெண்டு தரம் எடுத்துக் குடுத்துச்சு. நீங்க காதுல விழுந்தும் வாங்கிக்கல. இவ்வளவு நேர்மையா இருக்கறவங்களை நான் பாத்ததே இல்ல."

"எந்தப் பாப்பா? சன்னல்கிட்ட மழைச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றாள் மூத்தவள்.

"கதவுக்குப் பின்னாடி நின்னுச்சே. ஸ்கூல் சட்டை போட்டுக்கிட்டு, நனைஞ்சு போய்."

அப்படியானால் தன் மூளை கெட்டுப்போகவில்லை. அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம் இருந்தது. அடுத்த மூச்சில் புரிந்தது, அது நிஜமாகவே அந்த அறைக்குள் நிற்கிறது.

"எதிர் வீட்டுப் பொண்ணு" என்றாள் டெய்லரம்மா. "வெட்டுத் துணி பொறுக்க வரும். பொம்மைக்குச் சட்டை தைக்குமாம்."

நர்ஸ் போய்விட்டாள். மூத்தவள் உள்ளறைப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தாள். டெய்லரம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"நீ கிளம்பு. மழை வலுக்கறதுக்குள்ள."

"டீ போட்டுத் தரேன்மா, குடிச்சுட்டு…"

"டீ போட எனக்குத் தெரியும். இப்பதான் சர்ட்டிபிகேட் குடுத்துட்டுப் போயிருக்காங்க."

மூத்தவள் சிரித்தாள். சின்ன வயதில் சிரிப்பது போலவே மூக்கைச் சுருக்கிக்கொண்டு. தாயின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். அவள் தெருமுனை திரும்பும் வரை பார்த்திருந்து, வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள் டெய்லரம்மா. நாலு பேர் தலையில் இதைக் கட்ட மாட்டாள். இது அவள் வீட்டுக் கணக்கு.

கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை எடுத்தாள். உள்ளறை வாசலில் போய் நின்றாள்.

"வா வெளிய. எவ்வளவு இருக்கேன்னு நேர்ல அளந்துடறேன்."

டேப்பின் ஒரு முனையை உள்ளே வீசினாள். தரையில் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

யாரோ பிடித்துக்கொண்டார்கள்.

முதலில் லேசாக. கடையில் உதவிக்கு நிற்கும் பெண் மறுமுனையைப் பிடிப்பது போல, பதவிசாக. பிறகு இழுத்தது. டேப் விரல்களுக்கிடையே வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. இருபது. முப்பது. நாற்பது. அவள் இறுக்கிப் பிடித்தாள். பின்வாங்கி, மிஷினின் இரும்புக் காலருகே தரையில் உட்கார்ந்து, கையில் மிச்சமிருந்த முனையை அந்தக் காலில் சுற்றினாள்.

உள்ளே குரல் மூத்தவளின் பேரைச் சொன்னது.

அவள் வாயைத் திறக்கவில்லை. கை முடிச்சுப் போட்டது. எதிர்ப்பக்கம், இரண்டு சுற்று. ஒன்று.

அடுத்தவன் பேரைச் சொன்னது. இரண்டு.

மூன்றாமவன். மூன்று.

பிறகு இன்னொரு பேர் சொன்னது. அழகான பேர். எங்கேயும் கேட்ட மாதிரி இல்லை. யாருடைய பேர் அது? யோசித்தாள். வெள்ளைச் சுவர். ஒரே ஒரு தடவை திருப்பிச் சொன்னால் போதும், கடைக்குட்டியின் முகம் வந்துவிடும்.

பல்லைக் கடித்துக்கொண்டாள். முகம் வரவில்லை. ஆனால் கைக்குத் தெரிந்திருந்தது. கை தானாக நான்காவது முடிச்சைப் போட்டு இழுத்தது.

அங்கே நின்றது.

வெளியே மழை கொட்டியது. டேப் வில் நாண் போல விறைத்து நின்றது. கதவிடுக்கின் இருட்டில், பன்னிரண்டு இஞ்ச் தோளுள்ள ஒரு பிள்ளைக்கு எந்த உயரத்தில் கை இருக்குமோ அந்த உயரத்தில், ஈரம் ஊறிச் சுருங்கிய ஐந்து விரல்கள் தெரிந்தன. டேப்பைப் பிடித்தபடி, கைக்கு மேல் கை மாற்றி, ஒரு இஞ்ச் முன்னால் வந்தன.

"அஞ்சு?" என்றது.

டெய்லரம்மா இடது கையை முடிச்சின் மேல் வைத்து மூடினாள். வாயை இறுக்கி, கண்ணைக் கொட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

இன்னொரு இஞ்ச்.