சாயம் ஏறாத ஸ்லைடு

காண்கூடத்தில் ஆய்வகப் பணியாளர் யாஸ்மினுக்கு அன்று பதினோரு பார்வைகள். விரல்நுனியில் ஒரு துளி ரத்தம், ஸ்லைடில் மெல்லிய பூச்சு, மெத்தனால், பிறகு இனங்காட்டிச் சாயம். கழுவி உலர்த்தி நுண்ணோக்கியில் வைத்தால், ரத்தம் கொடுத்தவரின் சொந்த அணுக்கள் இளஞ்சிவப்பாகவும், இறந்தவர் தந்தவை ஊதாவாகவும் தெரியும்.

இறந்தவர் மஜ்ஜையை நோயாளிகளின் எலும்பில் ஊன்றும் மறுவிதைப்பு வந்தபோதே, இறந்தவர் குடும்பத்துக்கு அரசு ஓர் உரிமை தந்திருந்தது. ஆண்டுக்கொரு முறை காண்கூடத்துக்கு வந்து அந்த அணுக்களைப் பார்க்கலாம். ஓர் ஆண்டு பார்க்காமல் விட்டால் உரிமை முடிந்துவிடும்.

நான்காவதாக வந்தவர் சவரிமுத்து, வேதாரண்யத்து லாரி மெக்கானிக். மகளைப் பார்க்க ஏழாம் ஆண்டாக வருகிறார். அவள் மஜ்ஜையால் பிழைத்த செங்கமலம், துணிக்கடை ஊழியர், எதிரே விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, ஒரு வருசம்கூட ஒண்ணும் அசையலியே. தூங்குமா?" என்றார் சவரிமுத்து.

"அசையாதுங்கய்யா. மெத்தனால் பட்டதும் செத்துரும். செத்தாத்தான் சாயம் புடிக்கும்."

சொன்ன பிறகுதான் யாஸ்மின் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"உசுரோட பாக்க முடியாதா?"

"சாயம் போடாம வெச்சா நகரும். ஆனா எது உங்க பொண்ணோடது, எது இவங்களோடதுன்னு தெரியாது. அப்படிப் பாத்தது பார்வைக் கணக்குலயும் வராது. முதல்ல அப்படிப் பாருங்க, அப்புறம் சாயம் போட்டுக்கலாம்."

"சாயம் வேணாம்மா. தெரிஞ்சே எப்படிச் சாகடிக்கச் சொல்றது?"

"உரிமை போயிரும்யா."

"போவட்டும்."

யாஸ்மின் வெதுவெதுப்பான தட்டில் சாயமில்லாமல் புதுத் துளியை வைத்தாள். சவரிமுத்து குனிந்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நிறமில்லாத சில அணுக்கள், திருவிழாக் கூட்டத்தில் வழி தேடுகிறவர்களைப் போல, மற்றவற்றை ஒதுக்கிக்கொண்டு மெல்ல ஊர்ந்தன. இருபது நிமிடம் அவர் தலை நிமிரவில்லை.

"எல்லாம் ஒரே மாதிரி போவுது" என்றார் கடைசியில்.

யாஸ்மின் பதிவேட்டில் 'பார்க்கவில்லை' என்று எழுதினாள். அவர் கையெழுத்திட்டார். அந்த நொடியிலிருந்து, சட்டப்படி எல்லா அணுக்களும் செங்கமலத்துக்கே சொந்தம்.

"மேடம்," என்றாள் செங்கமலம், விரலில் பஞ்சை அழுத்தியபடி, "இனிமே பேரு கேக்கலாமா?"

உரிமை நடப்பில் இருக்கும்வரைதான் இறந்தவர் பெயரைச் சொல்லத் தடை. யாஸ்மின் தலையசைத்தாள்.

"பிலோமினா. வீட்ல மினி" என்றார் அவர்.

"பேரு தெரியாதுல்லங்கய்யா, எங்க வீட்ல எல்லாரும் அக்கான்னே சொல்லிட்டிருக்கோம். வெள்ளிக்கிழமை விளக்கேத்துறப்பகூட."

சவரிமுத்து அவள் காதோர நரையைப் பார்த்தார்.

"அக்கா இல்லம்மா. உனக்குத் தங்கச்சி. இருந்தா இந்த ஆனியோட இருபத்தொம்பது."