அப்பாவின் தாடியில் ஏழு பின்னல்

அந்தக் கார்த்திகையில் திருகோணமலையில் பெய்தது மழையே இல்லை. வானம் கழன்று விழுந்துகொண்டிருந்தது. கடல் எங்கே முடிகிறது, தெரு எங்கே தொடங்குகிறது என்று மீன்களுக்கே தெரியவில்லை. திருக்கடலூர்க் கரையில் படகுகள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. பதினெட்டு நாளாக ஒருவரும் தொழிலுக்குப் போகவில்லை.

மீனவர் யோகலிங்கத்தின் வீட்டில் மழையைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அது மேசைக்குக் கீழே, தலையில் அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அதன் பெயர் சுலோஜனா. வயது ஏழு.

“சுலோ, சோறு ஆறுது. வெளியிலை வா,” என்றாள் அக்கா கஜந்தி. அவளுக்குப் பதினொரு வயது.

“இஞ்சை தாங்கோ.”

“சட்டியைக் கழற்று. தாறன்.”

“அப்ப சோறு வேண்டாம்.”

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. கஜந்தி தட்டை மேசைக்குக் கீழே தள்ளிவிட்டாள்.

இரண்டு வருடங்களுக்கு முன் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். போன அன்று காலையில் சுலோவின் தலையைப் பின்னிவிட்டு, “நான் திரும்பி வரேக்கை இந்தப் பின்னல் இடுப்பைத் தொட வேணும். சரியா குஞ்சு?” என்று கேட்டாள்.

“ஓம்” என்றாள் சுலோ. அன்றிலிருந்து கத்தரிக்கோலோடு ஒருவரையும் கிட்ட வர அவள் விடவில்லை. முடியும் சொன்ன சொல் கேட்டு வளர்ந்தது.

பிறகு டெங்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் மாறி இரண்டு மாதம் கழித்து முடி கொட்டத் தொடங்கியது. தலையணையில் முடி, தேநீரில் முடி, அடுத்த வீட்டுப் பூனையின் மீசையிலும் சுலோவின் முடி. “திரும்ப வளரும், பயப்பிடாதேங்கோ” என்று வைத்தியர் சொன்னார். எப்போது வளரும் என்று சொல்லவில்லை.

மிஞ்சிய முடியில் பின்னிய இரண்டு பின்னல்களும் எப்படி இருந்தன தெரியுமா? ஊசியில் கோத்துப் பொத்தான் தைக்கலாம். அவ்வளவு மெல்லிசு.

பள்ளிக்கூடத்திலோ நீள முடிக்காரிகளுக்கு இரட்டைப் பின்னலும் வெள்ளை ரிபனும் கட்டாயம். அவ்வளவு மெல்லிய பின்னலில் ரிபன் நிற்குமா? ஒரு திங்கட்கிழமை, பள்ளிக்கூட வாசலில் வைத்து அது வழுக்கி விழுந்தது. மற்ற ஊர்களில் தெருவில் மாடு திரிவதுபோல் திருகோணமலையில் மான் திரியும். வாசலில் நின்ற கொம்பு மான் ஒன்று குனிந்து ரிபனை முகர்ந்தது. பிறகு இடியப்பத்தை உறிஞ்சுவதுபோல் உறிஞ்சி விழுங்கிவிட்டது.

முழுப் பள்ளிக்கூடமும் சிரித்தது. காவலாளியும் சிரித்தார். மான்கூடச் சிரித்தது என்று சுலோ சத்தியம் செய்கிறாள். “எலிவால்! எலிவால்!” என்று யாரோ கத்தினார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து சட்டிக்குள் போனவள்தான். இன்றோடு பதினொரு நாள்.

இன்று வெள்ளிக்கிழமை. அம்மாவுக்கு ஓய்வு நாள். பின்னேரம் நாலு மணிக்கு வீடியோவில் வந்தாள். கொஞ்ச மாதங்களாக அவள் தலையைக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டுதான் வருகிறாள். கேட்டால், அங்கே வெயில் என்பாள்.

“சுலோ எங்கை?”

“அவ... குளிக்கிறா அம்மா,” என்றாள் கஜந்தி.

“போன வெள்ளியும் குளிச்சவ. ஒரு கிழமையாவோ குளிக்கிறா?”

அப்பா மேசைக்குக் கீழே பார்த்தார். சட்டி அசையவில்லை.

“என்னை மறந்திட்டாள் போலை,” என்றாள் அம்மா. “பரவாயில்லை. சின்னப் பிள்ளைதானே.”

அவள் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியபோது படம் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. பிறகு அணைந்தது.

கஜந்தி மேசைக்குக் கீழே குனிந்தாள். “ஏன்டி வரேல்லை? அம்மா அழுறா.”

“இடுப்பளவு வளர்ப்பன் எண்டு சொன்னனான் அக்கா,” என்றது சட்டி. “இப்ப பின்னவே முடி இல்லை. எப்பிடிக் காட்டுறது?”

வெளியே மழை. சட்டிக்குள்ளும் மழை.

அடுத்த வெள்ளிக்கு முன் எப்படியாவது சுலோவின் தலையைப் பின்னிவிடுவது என்று கஜந்தி முடிவெடுத்தாள். கஜந்தியின் பின்னல் சாதாரணப் பின்னல் இல்லை. அதைக்கொண்டு துறைமுகத்தில் நிற்கும் கப்பலைக் கட்டி வைக்கலாம். அந்த முடியைப் பின்னிப் பழகிய கைக்கு இது என்ன பெரிய வேலை என்றுதான் அவள் நினைத்தாள்.

சனிக்கிழமை, அரை மணி நேரம் கெஞ்சிச் சட்டியைக் கழற்றவைத்தாள். முடி பறக்காமல் இருக்க நிறைய எண்ணெய் வைத்தாள். எண்ணெயில் முடி விலாங்கு மீன்போல் வழுக்கியது. நகத்தால் இறுக்கிப் பிடித்தாள். அப்போதும் வழுக்கியது. இன்னும் இறுக்கினாள். நாலாவது முறை பின்னும்போது அவளுடைய விரல் நுனிகள் அவித்த இறால்போல் சிவந்துவிட்டன. மெல்லிய முடி தோலை அறுத்திருந்தது.

“நோகுதா?” என்று கேட்டாள்.

“இல்லை,” என்றாள் சுலோ. ஆனால் அவளுடைய புருவம் இரண்டும் நெற்றியின் உச்சியில் நின்றன. கன்னத்தில் கண்ணீர் ஓடியது.

கட்டி முடிப்பதற்குள் பின்னல் அவிழ்ந்துவிட்டது. சுலோ சட்டியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். “விடு பிள்ளை. முப்பது வருசமா கிழிஞ்ச வலை பொத்துறன். ஒரு பின்னல் எனக்கு ஏலாதோ?”

உண்மையில் நன்றாகத்தான் பின்னினார். முனையைத் தங்கூசியால், அதுதான் வலை பின்னுகிற நைலோன் நூலால், முடிச்சுப் போட்டுக் கட்டினார். பின்னல் அவிழவே இல்லை. சுலோ அதைத் தொட்டுப் பார்த்தாள். சிரிப்பு வாய்க்கரை வரை வந்தது.

பின்னேரம் தலை கழுவப் பார்த்தால், முடிச்சு கழலவில்லை.

“எப்பிடிக் கழரும்? வலைக்காரன்ரை முடிச்சு,” என்றார் அப்பா பெருமையாக. “சுறா இழுத்தாலும்...”

பாதியில் நிறுத்திவிட்டார். நகம், பல், ஊசி, சவர்க்காரம் எல்லாவற்றாலும் முயன்று பார்த்தார். நனைய நனைய முடிச்சு இறுகிக்கொண்டே போனது. கடைசியில் கத்தரிக்கோல்தான் எடுக்க வேண்டியிருந்தது.

இரண்டு விரல் அளவு முடி நிலத்தில் விழுந்தது. சுலோ அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சட்டியைப் போட்டு, இந்த முறை தாடைக்குக் கீழே கயிற்றால் கட்டியும் கொண்டாள். அப்பா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

திங்கள், செவ்வாய், புதன். மழை, மழை, மழை.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கஜந்தி, நனைந்த குடையை மடிக்காமலே கேட்டாள்:

“அப்பா, உங்கடை தாடியைத் தாங்கோ.”

அம்மா நல்லபடி திரும்பி வரும்வரை சவரம் செய்வதில்லை என்று அப்பா கோணேசர் கோயிலில் நேர்ந்திருந்தார். இரண்டு வருடத்துத் தாடி. அதற்குள் ஒரு குருவிக் குடும்பம் சுகமாக இருக்கலாம்.

“தாடியை என்ன செய்யப்போறாய்?”

“பின்னப்போறன்.”

“விசரோ உனக்கு?”

“சுலோன்ரை தலையிலை பழகேலாது அப்பா. அதிலை முடி இல்லை. உங்கடை தாடி சும்மாதானே கிடக்குது.”

அப்பா மேசைக்குக் கீழே பார்த்தார். பிறகு கதிரையை இழுத்து, மேசைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

கஜந்தி தாடியில் மெல்லிய கீற்று ஒன்றைப் பிரித்து, நகத்தால் பிடித்து இறுக்கினாள்.

“ஐயோ! என்ரை தாடை கழண்டு போச்சு!”

அந்தச் சத்தம் விரிகுடாவைத் தாண்டி மூதூர்வரை கேட்டது. அங்கே படகுக்குக் காத்து நின்றவர்கள் இடி என்று நினைத்தார்கள்.

கஜந்தி விரலை ஊதினாள். அவளுக்கும் எரிந்தது. வலையை இழுக்கும்போது அப்பா விரலில் சுற்றுகிற சைக்கிள் டியூப் துண்டுகள் ஆணியில் தொங்கின. அவற்றை எடுத்து விரல்களில் சுற்றினாள். ஆகா! விரல் துளியும் நோகவில்லை. சந்தோசமாக ஒரு இழுவை இழுத்தாள்.

அப்பா கதிரையோடு எழும்பினார். கண்ணில் தண்ணீர். “இஞ்சை பார், நீ பின்னுறியோ, புடுங்குறியோ?”

மேசைக்குக் கீழே சட்டி ஒரு அங்குலம் உயர்ந்தது.

கஜந்தி அப்பாவின் தாடையைப் பார்த்தாள். முடி முளைத்த இடம் சிவந்திருந்தது. டியூபைக் கழற்றித் தன் விரலைப் பார்த்தாள். அதிலும் அதே சிவப்பு. சனிக்கிழமை “இல்லை” என்று சொன்ன சுலோவின் புருவங்கள் அவளுக்கு ஞாபகம் வந்தன.

டியூபைத் திரும்ப ஆணியிலேயே மாட்டினாள். அது விரலில் இருந்தால் எவ்வளவு இழுக்கிறேன் என்பது எனக்கே தெரியாது என்று நினைத்துக்கொண்டாள்.

“அப்பா, நொந்தால் கத்துங்கோ. ஒளிக்கக்கூடாது.”

“நான் எப்ப ஒளிச்சனான்?”

இழுக்காமல் பிடித்தால் முடி வழுக்குகிறது. வழுக்காமல் இருக்க என்ன செய்யலாம்? முந்தின நாள் பள்ளிச் சீருடைக்குக் கஞ்சி போட்டபோது விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது நினைவு வந்தது. குசினிக்குள் ஓடிக் கஞ்சித் தண்ணீர் கொண்டுவந்தாள். அதில் சீப்பை நனைத்து வாரினாள். பிரிந்து பறந்த முடிகள் நல்ல பிள்ளைகள்போல் ஒட்டி நின்றன.

வெள்ளை ரிபனை நீளத்துக்கு மெல்லியதாகக் கிழித்தாள். முனையில் கட்டாமல், வேரிலேயே வைத்து, முடியோடு முடியாகச் சேர்த்துப் பின்னினாள். இப்போது பிடிக்க ஒரு பிடி இருந்தது. நகத்தை விட்டுவிட்டு விரலின் சதையால் மட்டும் பிடித்தாள். விரல் எரியத் தொடங்கும்போதெல்லாம் கையைத் தளர்த்தினாள். ஒவ்வொரு பின்னலும் முடிய, கையை உதறிக்கொண்டாள்.

மூன்றாவது பின்னல். நாலாவது. ஐந்தாவது. ஆறாவது. ஏழாவது. அப்பாவிடமிருந்து சத்தமே இல்லை.

“அப்பா?”

குறட்டை வந்தது.

அந்த நேரம் பார்த்து, வலை ஊசி இரவல் கேட்டு அடுத்த வீட்டுப் பாக்கியரத்தினம் மாமா வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். “டேய் யோகன்! நாளைக்கு எத்தினையாம் வகுப்புக்குப் போறாய்? ரெண்டாம் வகுப்போ?”

சட்டி சிரித்தது. முதலில் மெல்லமாக. பிறகு டங் டங் என்று மேசைக் காலில் இடித்துக்கொண்டு சிரித்தது.

அப்பா விழித்தார். “என்ன, முடிஞ்சுதோ?”

“அப்பா, நித்திரையோ கொண்டனீங்கள்?” என்று சுலோ கீழேயிருந்து கேட்டாள். “நோகேல்லையா?”

“நொந்தால் நித்திரை வருமோ குஞ்சு?”

மேசைக்குக் கீழே கயிறு அவிழ்கிற சத்தம் கேட்டது. சுலோ வெளியே வந்து, அக்காவுக்கு முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

“நொந்தால் நான் கத்துவன்.”

“கத்து. மூதூருக்குக் கேக்கக் கத்து,” என்றாள் கஜந்தி.

சுலோ ஒரே ஒரு தரம் “ஆ” என்றாள். கஜந்தியின் கை அந்த இடத்திலேயே நின்று, தளர்ந்து, பிறகு தொடர்ந்தது. இரண்டு பின்னலும் முடிந்தபோது கஜந்தி தன் விரல்களை விரித்துப் பார்த்தாள். ஒன்றிலும் சிவப்பு இல்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணி. தொலைபேசிக்கு முன்னால் முதலில் அப்பாதான் போய் நின்றார். தாடியில் ஏழு பின்னல், ஏழு வெள்ளை ரிபன்.

“ஐயோ, ஆர் இது!” என்று அம்மா கத்தினாள். பிறகு அவள் சிரித்த சிரிப்பில் குவைத்தே ஆடியது. படமும் சேர்ந்து ஆடியது.

“அக்கா செய்த வேலை,” என்றபடி சுலோ அப்பாவுக்குப் பின்னாலிருந்து வந்தாள்.

அம்மாவின் சிரிப்பு நின்றது.

“அம்மா, காய்ச்சலுக்குப் பிறகு முடி கொட்டிப்போச்சு. கொஞ்சம் வெட்டுப்பட்டும் போச்சு. நீங்கள் வரேக்கை இடுப்பைத் தொடாது,” என்றாள் சுலோ ஒரே மூச்சில். “ஆனா அப்பான்ரை தாடிப் பின்னலைவிடத் தடிப்பு. பாருங்கோ.”

அம்மா மெதுவாகக் கையைத் தூக்கித் தலையில் இருந்த கறுப்புத் துணியைக் கழற்றினாள்.

கஜந்தியின் கப்பல் கயிறு போன்ற முடி அம்மாவிடமிருந்து வந்ததுதான். இப்போது அம்மாவின் தோளில் சுலோவினுடையதைப் போலவே மெல்லிய ஒரு பின்னல் கிடந்தது. வகிடு அகலமாகத் தெரிந்தது.

“இஞ்சத்தைத் தண்ணி எனக்கு ஒத்துவரேல்லை குஞ்சு. நீ பாத்தால் பயப்பிடுவாய் எண்டு மூடிக்கொண்டு இருந்தனான்.”

கூரையில் மழை கொட்டியது. சுலோ மூக்கு முட்டும் அளவுக்குத் தொலைபேசிக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள்.

“எப்ப அம்மா வருவீங்கள்?”

“இன்னும் பதினாலு மாசம்.”

பதினாலு மாதம் என்பது எவ்வளவு நீளம் என்று சுலோ விரல்விட்டு எண்ணினாள். விரல் போதவில்லை.

“சரி,” என்றாள் கடைசியில். “வந்த உடனை அக்காட்டைத் தலையைக் குடுங்கோ. கஞ்சித் தண்ணி போட்டுப் பின்னுவா. நோகாது.”

அன்று பேசி முடிக்கும்வரை அம்மா அந்தத் துணியைத் திரும்பப் போடவில்லை.

திங்கட்கிழமையும் மழைதான். பள்ளிக்கூட வாசலில் கொம்பு மான் நனைந்துகொண்டு நின்றது. சுலோவைக் கண்டதும் கிட்ட வந்து, பின்னலை முகர்ந்து, ரிபன் முனையைக் கவ்வப் பார்த்தது. ரிபன்தான் வேரிலிருந்தே பின்னலுக்குள் ஒளிந்திருக்கிறதே!

“ஏலாது,” என்றாள் சுலோ. “போய்ப் புல்லுத் தின்.”

மத்தியானம், இருபத்தொரு நாளுக்குப் பிறகு, அந்தச் சட்டியில் அப்பா பருப்பு அவித்தார். கறிக்குள் ஒரு முடி கிடந்தது. அது தலைமுடியா, தாடிமுடியா என்று ஒருவரும் கேட்கவில்லை. எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டு மூன்று பேரும் சாப்பிட்டார்கள்.