கயல் சொல்லாத சொல்

அப்பாவின் காரியம் முடிந்து பொன்மணி அன்றுதான் பள்ளிக்கு வந்தாள். மீன் பிடிக்கப் போன அவர் உயிரோடு திரும்பவில்லை. அந்தத் துக்கத்துக்கு ஊரூர் குப்பத்தில் ஒரு படகும் கடலில் இறங்கவில்லை.

"அவகிட்ட கடல் பேச்சே எடுக்காத, இன்னா?" என்று காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள் கயலின் அம்மா.

எடுப்பாளா கயல்? தவழ்ந்த காலத்திலிருந்தே இருவரும் தோழிகள்.

ஆனால் முதல் வகுப்பே ஆங்கிலம். தஹ்சீன் மிஸ் அந்த வாரம்தான் மாற்றலாகி வந்தவர். பாவம், அவருக்கு எதுவும் தெரியாது. பலகையில் வரிசையாகச் சொற்களை எழுதினார்.

"எழுத்து ஒண்ணுதான், அர்த்தம் ரெண்டு. பேட்னா கிரிக்கெட் மட்டையும் ஆகும், வௌவாலும் ஆகும். உட்கார்ந்திருக்கிற வரிசைப்படி ஆளுக்கு ஒரு சொல்!"

கயல் எண்ணிப் பார்த்தாள். அவளுக்கு 'ரிங்'. அடுத்து இருந்த பொன்மணிக்கு 'வேவ்'. கையை ஆட்டுவதும் வேவ், கடல் அலையும் வேவ்.

"இப்படி வாடி. எனக்கு ஃபேன் காத்தே வரல," என்று பொன்மணியைத் தன் இடத்துக்கு இழுத்துவிட்டு, அவள் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பொன்மணி 'ரிங்'குக்கு மோதிரம் என்றாள், மணி அடிப்பது என்றாள். அடுத்து கயல் எழுந்தாள்.

"வேவ்னா கை ஆட்டுறது, மிஸ்."

"சரி, இன்னொண்ணு?"

கயல் பொன்மணியை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"தெரியாதா?"

"தெரியாது, மிஸ்."

"மிஸ், இவ வீடே பீச்சாண்டதான் கீது! இதுகூடத் தெரிலயாம்!" என்று பின்பெஞ்சிலிருந்து கத்தினான் டில்லிபாபு. வகுப்பே கொல்லென்று சிரித்தது.

ஆங்கிலத்தில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்குகிறவள் கயல். அவமானத்தில் அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்தில் பெஞ்சு கிறீச்சிட்டது. பொன்மணி எழுந்து நின்றாள்.

"அவளுக்குத் தெரியும், மிஸ். எனக்காகத்தான் சொல்லல."

சிரிப்பு நின்றது. டில்லிபாபுவுக்கு அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

"அலை, மிஸ்," என்றாள் பொன்மணி. குரல் உடைந்தது, ஆனால் அவள் நிறுத்தவில்லை. "எங்க நைனா என்னை அலையில இறக்கிவிட்டுத்தான் நீச்சல் கத்துக்குடுத்தாரு."

கயல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் அவருதான் கத்துக்குடுத்தாரு, மிஸ்."