மேல்மாடிக் கதவின் கனம்

மெக்கானிக்கின் மனைவியின் தம்பி அந்த உயரமான கட்டடத்தின் கீழ்வாசலில் காவலாளி. மெக்கானிக் உள்ளே வந்ததும் எழுந்து நின்றான்.

"நான் பூட்டலை மாமா. உங்க பிள்ளைங்க மேல சத்தியமா."

"தெரியும்டா."

"அப்புறம் ஏன் அந்தம்மாவால கதவைத் திறக்க முடியலை?"

போன வாரம் கட்டடத்தில் புகை பரவியபோது, துப்புரவுக்காரம்மா மேல்மாடிப் படிக்கதவின் உட்பக்கம் செத்துக்கிடந்தாள். காவலாளி கதவைப் பூட்டிவிட்டான் என்றார்கள். இன்று மதியம் போலீஸ் வந்து அவனைக் கூட்டிப்போகும்.

"லிஃப்ட்ல கொட்டாவி விட்டுக்கிட்டே போங்க மாமா, காது அடைக்காது. வேலை நேரத்துல உங்களுக்கு அது கைவந்த கலையாச்சே."

மச்சான் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

மேலே ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறையும். மெக்கானிக்குக் காது அடைத்தது. ஆனால் குளிர்காலத்தில் இவ்வளவு உயரமான கட்டடம் ஒரு புகைபோக்கி. உள்ளிருக்கும் சூடான காற்று மேலேறி உச்சியில் முட்டிக்கொண்டு நிற்கும். புகை வந்தால், அது படிக்கட்டில் நுழையாதபடி ஒரு விசிறியும் படிக்கட்டுக்குள் காற்றை அடைக்கும். காற்று மிஞ்சினால் உச்சியில் ஓர் இரும்பு மூடி தானே திறந்து வெளியே விடும்.

அந்த மூடி தடதடக்கிறது என்று மேல்மாடி அலுவலகத்தார் ஓயாமல் புகார் சொன்னார்கள். மெக்கானிக் அது அசையாதபடி ஒரு மர ஆப்பை அடித்தான். சத்தம் நின்றது. மேனேஜர் தட்டிக்கொடுத்தார்.

கதவைப் படிக்கட்டுப் பக்கமாகத் தள்ளித்தான் திறக்க வேண்டும். அன்று அந்தப் பக்கம் அடைபட்ட காற்று, ஒரு ஆள் சாய்ந்து நிற்பதைப் போலக் கதவைப் பிடித்துக்கொண்டது.

இப்போது உச்சியில் அவன் ஆப்பைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு மேல்மாடிப் படிக்கதவு வரை இறங்கினான். விசிறி ஓடவில்லை. காற்றில் அசைவே இல்லை. கருகிய பிளாஸ்டிக் நாற்றம். அதற்கு அடியில் பினாயில்.

கதவு அசைந்தது.

ஒரு விரல் அளவு திறந்து, மூடிக்கொண்டது.

உள்ளங்கையால் தட்டும் சத்தம்.

"தம்பி." களைத்துப்போன பெண்குரல். "கொஞ்சம் தள்ளி நில்லுப்பா."

அவன் கீழ்வாசல்வரை ஓடினான்.

"என்ன மாமா, முகம் வெளிறிக் கிடக்கு? மேல ஏதாச்சும் கிடைச்சுதா?"

சொல்ல வாய் திறந்தான். வேலை போகும். ஜெயில்.

"ஒண்ணுமில்லைடா."

மதியம் ஜீப்பில் ஏறும்போதும் மச்சான் அவனைத்தான் பார்த்தான். அந்தப் பார்வையில் இன்னும் நம்பிக்கை இருந்தது.

மெக்கானிக்கின் வீடு ஒற்றை மாடிகூட இல்லாத வீடு. தம்பியைப் பார்க்க ஸ்டேஷனுக்குப் புறப்பட மனைவி அறைக்குள் சேலை மாற்றிக்கொண்டிருந்தாள். அவன் கூடத்தின் மறுகோடியில், சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான்.

அறைக்கதவு மெல்ல அதிர்ந்தது.

"ஏங்க, விடுங்க. நேரமாகுது."

"என்னத்த விட?"

"கதவை. ஏன் சாஞ்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

அவன் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டான்.

"நான் அங்க இல்லை."

"விளையாடாதீங்க." அவள் குரல் உடைந்தது. "உள்ள மூச்சு முட்டுது."

"தம்பி பூட்டலைடி!" அவன் கத்தினான். "நான்தான். எல்லாம் நான்தான். போய்ச் சொல்லிடுறேன்."



"சொல்லுங்க," என்றாள் மெதுவாக. "முதல்ல தள்ளி நில்லுங்க. கதவுக்கு அடியில உங்க கால் தெரியுது."