ஒன்று விட்டுப் பிடி

தொப்புள்கொடி புதைத்த மண்ணுக்கு விலை உண்டா என்பார்கள். உண்டு. தொண்ணூற்றேழில், ஆஸ்டின் டவுனில், சதுர அடி எண்ணூறு ரூபாய். முகம் பார்த்துப் பேசினால் எழுநூற்றைம்பது.

அந்த மண்ணை அளக்கத்தான் சர்வேயர் ரெமிஜியஸ் சாயங்காலத் தூறலில் முழங்கால் வலியோடு நின்றார். முப்பதடி அகல மனை. அண்ணன் இராஜமாணிக்கத்துக்குப் பதினைந்து, தங்கை சாந்தகுமாரிக்குப் பதினைந்து, நடுவில் ஆளுயரச் சுவர். அவள் பக்கம் ஓர் அறை கட்ட பேங்க் லோன் கேட்டிருந்தாள். வாழாமல் திரும்பி வந்த மகளுக்கு.

அவள் பக்கத்தை அளந்தார். பதினாறு இருந்தது.

"டீ கொண்டு வரேன் சார்" என்று அவசரமாக உள்ளே போனாள்.

டேப்பின் முனை வளையம் உடைந்து வருஷக் கணக்காகிறது. புதிது வாங்க அவருக்கு மனசில்லை. முனையை யார் பிடித்தாலும் முதல் அடியை விட்டு ஒன்று என்ற எண்ணில் பிடிக்க வேண்டும். அவர் பிறகு கழித்துக்கொள்வார். முனையைச் சுவருக்கு மேல் வீசினார்.

"யாருப்பா அங்க? கடைசிச் சுவர்ல வச்சுப் புடிங்க. ஒண்ணு விட்டு!"

டேப் விறைத்தது. ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்தது.

"ஒண்ணு விட்டாச்சு சார்," சுவருக்கு அப்பால் ஒரு களைத்த குரல். "எப்பவோ விட்டாச்சு."

பதினைந்து காட்டியது. ஒன்று போக, பதினாலு.

சாந்தகுமாரி டம்ளரோடு வந்தாள். "யாரோட பேசறீங்க?"

"உங்க அண்ணன்தான். டேப் புடிச்சிருக்காரு."

அவள் டம்ளரைத் தரையில் வைத்தாள்.

"அண்ணன் போயி ரெண்டு வருஷமாச்சு சார். அந்தப் பக்கம் பூட்டிக் கெடக்கு. சாவி என் இடுப்புல."

டேப் இன்னும் விறைப்பாக இருந்தது.

"ஊர்ல அவரு இல்லாதப்போ சுவரை ஒரு அடி தள்ளிக் கட்டிட்டேன்," என்று கிசுகிசுத்தாள். "சாகற வரைக்கும் அதையேதான் கேட்டாரு. பத்திரத்துல ஆளுக்குப் பதினஞ்சு. அளவு ஒத்துப்போகலைன்னா லோன் வராது. சொல்ப அட்ஜஸ்ட் பண்ணி ரெண்டு பக்கமும் பதினஞ்சுன்னு எழுதிடுங்க சார்."

ரெமிஜியஸுக்கு நியாயம் பேசவும் தெம்பில்லை. எழுதினார்.

எழுதி முடித்ததும் அந்தப் பக்கம் பிடி தளர்ந்தது.

டேப்பை வாரிப் பைக்குள் திணித்துக்கொண்டு பஸ் ஏறினார். சீட்டில் உட்கார்ந்து, சுற்றிவைக்கலாம் என்று முனையைத் தேடினார்.

டேப் ஒன்றிலிருந்து ஆரம்பித்தது.

அதற்கு முந்தின ஓர் அடி இல்லை. கத்தரி வைத்தாற்போல் நேர்வெட்டு. வெட்டிய ஓரத்தில் ஈரச் சுண்ணாம்பு.

மனசுக்குள் கூட்டினார். தங்கைக்குப் பதினாறு. அண்ணனுக்குப் பதினாலும் ஒன்றும் பதினைந்து. ஆக முப்பதடி மனையில் முப்பத்தோரடி. கூடின ஓர் அடி ரெமிஜியஸின் கைநஷ்டம்.