ஒற்றைப் பொட்டு

1962 ஆகஸ்ட் 9, வியாழக்கிழமை. கோலார் பக்கம் மாரிகுப்பத்தில் ஒரு தங்கச் சுரங்கத்தின் பரிசோதனைக் கூடத்தில், தராசின் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்த தங்கக் கட்டி பிற்பகல் ஒன்றரை மணிக்குக் காணவில்லை.

மூன்று மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் சிவலிங்கம் வந்தபோது உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் கிளார்க் ஜெயகரன். இன்னொருவன் இன்பராஜ், தங்கம் உருக்கும் சின்னக் கிண்ணங்களை எலும்புச் சாம்பலில் அச்சடிப்பது அவன் வேலை. மூன்றாமவர், வீட்டிலிருந்து திரும்ப அழைத்து வரப்பட்ட தச்சர் ஏனோக். பூமிக்கடியில் பாறை வெடிக்கும் ஏர் பிளாஸ்டில் ஊரே ஆடும். போன வாரம் ஆடியதில் கூடத்தின் பிளாஸ்டர் பலகைச் சீலிங்கில் ஸ்க்ரூக்கள் தலை நீட்டியிருந்தன. காலையில் அவற்றைச் சரிசெய்தவர் ஏனோக்.

“காலையிலேர்ந்து ஏணி மேல நின்னுகினு இருந்தவன் இவன்தான் சார். தராசு இவன் காலுக்குக் கீழ. காலையில எடை போட்டப்புறம் நானும் கட்டியப் பாக்கல,” என்றார் ஜெயகரன்.

“எப்ப போன?”

“பன்னெண்டுக்கு சார். கேட்டுல கோவணம் வரைக்கும் உருவிப் பாத்துட்டுதான் வுட்டாங்க,” என்றார் ஏனோக்.

“முழுங்கியிருப்பான்,” என்று சிரித்தான் இன்பராஜ். “ரெண்டு நாள் உக்கார வச்சுப் பாருங்க சார்.”

“நீ இன்னா, என் வயித்துக்குள்ள பூந்து பாத்தியா?”

ஐந்து மணிக்குள் தங்கம் கிடைக்காவிட்டால் ஏனோக்குக்கு வேலை இல்லை என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். வேலை போனால் குடியிருக்கும் கம்பெனி லைன் வீடும் போகும். மனைவி ஃப்ளோரா நிறைமாதம்.

“சாப்பாட்டு நேரத்துல இங்க யாரு?” என்று கேட்டார் சிவலிங்கம்.

“நான் கேன்டீன் போயிருந்தேன். கதவச் சாத்தினேன், பூட்டல,” என்றார் ஜெயகரன்.

“நான் பின்னால ஷெட்டுல,” என்றான் இன்பராஜ். “தனியாத்தான். கூட இருந்த என் தம்பியும் இப்ப பகல் ஷிஃப்ட்டுல கீழ சுரங்கத்துல எறங்குறான்.”

சிவலிங்கம் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். கேட்டில் அவ்வளவு சோதனை என்றால், தங்கம் இன்னும் வெளியே போகவில்லை.

3.40. தரை ஒருமுறை தூக்கிப் போட்டது. ஜன்னல்கள் அதிர்ந்தன.

ஜெயகரனும் ஏனோக்கும் பேச்சை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார்கள். வெளியே எல்லோரும் சுரங்கத்துக்குள் இறங்கும் சாஃப்ட் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த ஊரில் எல்லாருக்கும் கீழே யாரோ ஒருவர் உண்டு. இன்பராஜ் மட்டும் ஒரு கணம் நின்றுவிட்டு ஓடினான். அவன் கண் போன பக்கத்தைச் சிவலிங்கம் கவனித்தார். பிறகு அவரும் சீலிங்கை அண்ணாந்து பார்த்தார்.

மூவரையும் உள்ளே அழைத்தார்.

“ஏனோக், எல்லா எடத்துலயும் வெள்ளைப் பூச்சு ரெண்டு ரெண்டு பொட்டா இருக்கே, இன்னாத்துக்கு?”

“பழைய ஓட்டையில ஸ்க்ரூ திரும்பப் புடிக்காது சார். பக்கத்துல கட்டையில புதுசு ஏத்திட்டு, பழசக் கழட்டி ரெண்டையும் பூசிடுவேன்.”

“அந்த மூலைப் பலகையில மட்டும் ஒத்தைப் பொட்டு.”

இப்போது ஆடியதில் அங்கே பூச்சு உதிர்ந்து ஸ்க்ரூத் தலைகள் எட்டிப் பார்த்தன. ஏனோக் நிமிர்ந்து பார்த்தார். “அது என் வேலை இல்ல சார்.”

சிவலிங்கம் தரையில் உதிர்ந்ததை எடுத்து விரலால் தேய்த்தார். “பிளாஸ்டர் இறுகும். இது மாவாப் போவுது. எலும்புச் சாம்பல். சாப்பாட்டு நேரத்துல ஏனோக் ஏணியில ஏறி, பலகையக் கழட்டி, உள்ள வச்சு, அதே ஓட்டையிலயே முடுக்கியிருக்கான்.”

“சாம்பல யார் வேணும்னாலும் எடுக்கலாமே சார்,” என்றார் ஜெயகரன்.

“எடுக்கலாம். ஆனா ஊரே சாஃப்ட்டப் பாத்து ஓடறப்ப, கூடப் பொறந்த தம்பி கீழ இருக்கறவன் அந்த மூலையப் பாத்துகினு நின்னான்.”

இன்பராஜ் வாசல் பக்கம் திரும்பினான்.

“கீழ யாருக்குனா அடியா சார்?”

பலகையைக் கழற்றியதும் துணியில் சுற்றிய கட்டி கிடைத்தது. அன்றைய வெடிப்பில் கீழே யாருக்கும் காயம் இல்லை. கோலார் கோர்ட் இன்பராஜுக்கு ஒன்றரை ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.